பூநாரைக்கு நிறம் திரும்பும்

அரியாலை கிழக்கு,
மார்கழி, ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் பிரவீணனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் பிள்ளை தர்சிகாவும் அவளுடைய வயிற்றில் இருக்கிற குஞ்சும் நோர்வேக் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். தினமும் வட்ஸ்அப்பில் கதைக்கிற அம்மாவுக்கு இப்போது என்ன கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ ஒன்பது சொல்லி முடித்துவிடுகிறாய் மகன், நான் சொல்ல வந்தது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. கடிதத்துக்கு நடுவில் நீ குறுக்கே கதைக்க முடியாது அல்லவா. விடுமுறைக்கு வந்த உன் சிநேகிதன் லெனாட் புதன்கிழமை திரும்புகிறான், அவனிடம் சரக்குத்தூள் பொதியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். பொதியைப் பிரிக்க முன் இதை முழுதாக வாசி.

இங்கே மழை விட்டபாடில்லை. கிணறு கையால் அள்ளுகிற அளவுக்கு நிரம்பிக் கிடக்கிறது. அப்பாவுக்குக் குதிக்கால் வலி கொஞ்சம் குறைவு, ஆனால் செருப்புப் போடச் சொன்னால் மட்டும் காது கேட்காது. போன கிழமை மருதனார்மடம் சந்தைக்குப் போய் மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி, அப்படியே ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலையும் சாத்திவிட்டு வந்தேன், தர்சிகாவுக்குச் சுகப்பிரசவமாக வேண்டுமென்று. தூளை நானே வறுத்து இடித்தேன். பிள்ளை பிறந்த பிறகு அதில் கறி வைத்துக் கொடுக்க வேண்டும், எப்படி வைப்பதென்று கடைசியில் எழுதுகிறேன்.

இனி என் படிப்புக்கு வருகிறேன். முகத்தைச் சுழிக்காதே. பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன ஓ.எல். சோதனையை மாசியில் எழுதப்போகிறேன் என்று சொன்ன நாள் தொட்டு நீ கேட்கிற கேள்வி எனக்கு மனப்பாடம், "இந்த வயதில உதெல்லாம் எதுக்கம்மா?" தொண்ணூற்றைந்தில் சோதனைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் சண்டைக்கு ஊரைவிட்டுச் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தோம். பிறகு கல்யாணம், பிறகு நீ. எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் முன்பள்ளியில் இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டு உதவிக்கு நிற்கிற எனக்கு, ரீச்சர் என்று நிற்க ஆசை இருக்காதா? அதற்கு முதல் படி இந்தச் சோதனை. வாசிகசாலையில் பின்னேர வகுப்பு நடக்கிறது, படிப்பிக்கிற வித்தியா ரீச்சருக்கு உன்னைவிட வயது குறைவு. மற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் கிழமை முழுக்க வெட்கத்தில் கடைசி வாங்கில்தான் இருந்தேன்.

விஞ்ஞானத்தில் விலங்குகளை வகைப்படுத்துகிற பாடம் வந்தது. ஆளுக்கொரு பறவையைப் பற்றி வகுப்பில் எழுந்து கதைக்க வேண்டும் என்றார் ரீச்சர். கடல்நீரேரியில் இப்போது பூநாரைகள் வந்து இறங்கியிருக்கின்றன, நான் முன்பள்ளிக்குப் போய்வருகிற வழியில் தெரியும், அதனால் அதையே எடுத்தேன். இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று நான் சத்தம்போட்டுப் பாடமாக்க, அப்பா திரும்பிப் பார்த்து, "கொக்கு நாரைக்கும் சாதி பாக்கிறாங்களோ?" என்று கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்க எனக்கே பாடம் விளங்கிவிட்டது. நீண்ட காலைப் பார்த்து அதைக் கொக்கோடும் நாரையோடும் சேர்த்துவிடக் கூடாது மகன். அதற்குக் கிட்டிய சொந்தம் யார் தெரியுமா, நம் குளத்தில் முங்கி முங்கி எழும்புகிற அந்தக் கட்டைக்கால் முக்குளிப்பான். அப்பா இன்னும் நம்பவில்லை. பூநாரை தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, மா அரிதட்டில் அரிக்கிற மாதிரிச் சேற்றுத் தண்ணீரை வடித்துச் சின்ன இறாலையும் பாசியையும் மட்டும் உள்ளே எடுக்கும். அந்தச் சாப்பாட்டால்தான் அதற்கு அந்தச் சிவப்பு நிறம். குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறம்தான், சொண்டும் நேராகத்தான் இருக்கும். முட்டை ஒன்றே ஒன்றுதான் இடும், எனக்கு நீ ஒருவன் என்கிற மாதிரி.

ஒரு நாள் காலையில் அப்பாவின் மோட்டார்சைக்கிளில் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் நல்ல சிவப்பு ஏறினவையும் நின்றன, சாம்பல் குஞ்சுகளும் நின்றன, வெளுத்துப்போனவையும் கொஞ்சம் நின்றன. வகுப்பில் எழுந்து எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்து, அந்த வெளுத்தவை எல்லாம் வயது போனவை, இனி நிறம் வராது என்று என்பாட்டுக்குச் சொல்லி முடித்தேன். புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஏன் சொன்னேன் என்றால் எனக்கு அப்படித்தான் பட்டது, வேறென்ன. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை, ரீச்சர்தான் கிட்ட வந்து மெல்லச் சொன்னார்.

"வெளுத்ததெல்லாம் கிழடு இல்லை அன்ரி. குஞ்சுக்குப் பால் குடுத்து வெளுத்ததும் இருக்கும். பிறகு நல்லாச் சாப்பிட்டால் திரும்ப நிறம் வந்திடும்."

பறவைக்கு ஏது பால் என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். தொண்டைக்குள் சிவப்பாகப் பால் மாதிரி ஒன்று சுரக்குமாம், அதைத்தான் குஞ்சுக்கு ஊட்டுமாம். தன்னிடம் இருக்கிற நிறத்தையெல்லாம் அதில் கரைத்துக் கொடுத்துவிட்டுத் தான் வெளிறி நிற்குமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது மகன், அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால். வீட்டுக்கு வருகிற வழியில் அப்பாவிடம் சொன்னேன். இராத்திரி நண்டுக் கறியில் பெரிய காலெல்லாம் என் சோற்றுக் கோப்பையில் கிடந்தது. என்னப்பா இது என்றால், நல்லாச் சாப்பிடு என்றார்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பிள்ளையும் மாசியில், சோதனையும் மாசியில். தையிலேயே வந்து நில்லுங்கோ, விசாவுக்குப் போடுகிறேன் என்கிறாய். தாயில்லாத பிள்ளை தர்சிகா என்று நினைக்க எனக்கு நித்திரை வராமல்தான் கிடந்தேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் மகன், அந்தப் பால் தாய்ப் பூநாரைக்கு மட்டும் சுரப்பதில்லை, தகப்பனுக்கும் சுரக்கும். இரண்டும் மாறி மாறி ஊட்டும், இரண்டும் வெளுக்கும். புத்தகத்தில் அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். தகப்பனுக்கென்று அங்கே கிழமைக்கணக்கில் லீவு இருக்கிறது என்று நீயேதான் சொன்னாய், முழுதாக எடுத்தால் வேலையிடத்தில் என்ன நினைப்பார்களோ என்றும் நீயேதான் சொன்னாய். நினைத்துவிட்டுப் போகட்டும், நீ எடு. உனக்குத் தெரியாமல் தர்சிகாவிடம் தனியாகக் கேட்டேன், கோபிக்காதே. அவள் சொன்னாள், "மாமி, இவர் பக்கத்தில நிண்டால் எனக்குக் காணும். நீங்கள் சோதனையை எழுதிப்போட்டு வாங்கோ."

ஆகவே நான் சோதனை எழுதி முடித்துத்தான் வருவேன். பேரப்பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், அந்த முப்பத்தொண்டுக்கு அங்கே நிற்பேன், துடக்குக் கழிக்க, தலைமுடி எடுக்க, மருந்துத் தண்ணி வைக்க, எல்லாத்துக்கும் நான் இருக்கிறேன். அதுவரைக்கும் நீதான் தாயும் தகப்பனும். நீ கறி வைக்கத் தெரியாது என்று சாட்டுச் சொல்லக் கூடாது. தூளில் இரண்டு கரண்டி எடுத்து, உள்ளி நிறையத் தட்டிப் போட்டு, எண்ணெய் குறைத்து, சின்ன மீனோ கோழிக்குஞ்சோ போட்டு வற்ற விடு, புளி கொஞ்சமாக, மிளகாய்த்தூள் கிட்டவும் கொண்டுபோகாதே. பிள்ளையைத் தூக்கும்போது கழுத்துக்குக் கை கொடு. பயப்படாதே, உனக்கும் வரும்.

நீயும் தர்சிகாவும் பிறக்கப்போகிற செல்வமும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ ஆண்டவன் துணை நிற்கட்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று புதன் கழித்துக் கேட்பேன், அப்போது வேறு கதை சொல்லாமல் ஓம் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
நிறம் திரும்பிக்கொண்டிருக்கிற உன் அம்மா,
உதயகலா