அமாவாசையில் எடுத்த ரத்தம்

அம்மா,

இன்று காலை நம் தெருவில் மறுபடியும் ஸ்பிரிட் வாசனை. பிள்ளையார் கோயில் எதிரே மேசை போட்டு, ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வந்திருந்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போய் நின்றேன். உன் இடத்தில் ஒல்லியாக ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் பஞ்சை நனைத்தபோது, வேலை முடிந்து வந்து என் தலையைக் கோதும் உன் விரல்களில் இருக்குமே, அதே வாசனை. கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணத்துக்கு முன் நீ படித்த லேப் படிப்பு, இந்த ரத்தம் எடுக்கும் வேலை கிடைக்கும்வரை பீரோவுக்குள் சான்றிதழாக மட்டுமே இருந்தது. நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுத்து, பல ஊர்களில் நடப்பதை ஒன்றுசேர்த்துப் பார்க்கிற தில்லியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம் ஒன்று, பகலெல்லாம் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஆராயச் சொல்லியிருந்தது. தறியில் உட்காரும் நம் தெருவும் அதில் வந்தது. நான் நூலகத்தில் அந்த நிறுவனத்தைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன். நீ அரிசி களைந்துகொண்டே கேட்டாய்.

"அவ்ளோ பெரிய ஆபீசாடி? அங்க இருக்கறவங்களுக்கு நம்ம தெரு இருக்குதுன்னு தெரியுமா?"

"இனிமே தெரியும்மா" என்றேன்.

முதல் முறைக்கு நாள் குறித்தது நீதான். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். ஆண்கள் தறியை விட்டு எழுந்து வரவும் வேண்டும். அமாவாசையன்று தறி ஓடாது. தகப்பனை இழந்தவர்கள் விரதமும் இருப்பார்கள். "இதவிட நல்ல நாள் கெடைக்குமா டாக்டர்?" என்று போனில் நீ சொன்னபோது உன் முகத்தில் அவ்வளவு பெருமை. ஆராய்ச்சியை நடத்தும் சென்னை டாக்டரும் சரி என்றார். ரத்தம் கொடுத்தவர்களுக்காக டீயும் பிஸ்கட்டும் வாங்கி வைத்தோம். அதை ஒருவரும் தொடவில்லை. படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைக்கும் முன் அவர்கள் எப்படித் தொடுவார்கள்? நமக்குத் தெரியாததா? ஆனாலும் நம் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. எதிர்வீட்டு மாமா நாற்காலியை விட்டு எழுந்தவர், அப்படியே மடிந்து விழுந்தார்.

மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெரு உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. "அமாவாசையும் அதுவுமா ரத்தத்த உறிஞ்சிக்கினு போய்ட்டா" என்று மாமி குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அடுத்த முறை நம் தெரு வராவிட்டால் முதலில் எடுத்ததும் பயன்படாது, வாலாஜாபாத்தில் வேறு தெருவைப் பார்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அன்று நீ சாப்பிடவில்லை.

மறுநாள் மாலையே பிரஷர் பார்க்கும் கருவியோடு மாமா வீட்டு வாசலில் போய் நின்றாய். நான் உன் பின்னால் நின்றேன்.

"இன்னாம்மா, மிச்ச ரத்தத்தையும் எடுக்க வந்தியா?"

"இல்ல மாமா. பிரஷர் மட்டும்தான்."

"என் ரத்தத்த வெச்சிக்கினு தில்லியில இன்னா பண்றாங்க? பொங்கலா வைக்கிறாங்க?"

"உங்களுக்கு இவ்ளோ கோவம் எங்கருந்து வருதுன்னு பார்க்கறாங்க."

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "அதுக்கு இன்னாத்துக்குத் தில்லி? என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?"

மாமா சிரித்துவிட்டார். கையை நீட்டினார். "அடுத்த தபா மட்டும் அமாவாசைல வெச்சே, தெருக்கோடி வரிக்கும் துரத்துவேன்."

அந்த அடுத்த முறைக்கு நீ இல்லை. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று அமாவாசை இல்லை. தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவே வந்தது. மாமாதான் முதலில் கையை நீட்டினார். பிறகு டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "அவ இருந்தா இன்னும் ரெண்டு குடுத்திருப்பா" என்றார். நான் நிற்பதைப் பார்த்ததும் ஒரு பிஸ்கட்டை என் கையில் வைத்தார். அப்பாவும் ரத்தம் கொடுத்தார். உடனே தறிக்குத் திரும்பிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு டாக்டரிடம் கேட்டேன். "எங்கம்மாவோட ரத்தம் இதுல இருக்குதா டாக்டர்?"

அவர் என் தோளில் கை வைத்தார். "வேலை செய்யறவங்கள சேர்க்கக் கூடாதும்மா. ரூல் அப்படி."

"அப்போ என்னுது?"

"பதினெட்டு ஆகட்டும்."

ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் வீட்டில் உன்னையும் என்னையும் விட்டுவிட்டுத் தெரு முழுவதும் அதற்குள் போனது.

அவர்கள் போனதிலிருந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை கிடைத்த புதிதில் நீ என் கையில்தான் பழகினாய். ஊசி இல்லாமல், விரலால் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடித் தடவுவாய். "கண்ணால தேடக்கூடாதுடி. விரலுக்குத்தான் தெரியும். எப்படி ஒளிஞ்சிக்கினு இருக்குது பார்" என்பாய். இப்போது என் இடது கையில் நானே தேடுகிறேன். முதலில் எதுவும் தட்டுப்படவில்லை. அழுத்தாமல் காத்திருந்தால் நரம்பு மெல்ல விரலுக்கடியில் எழுந்து வருகிறது. அது எங்கே இருக்கிறது என்று நம் இருவருக்குத்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.