பீரோவில் பூட்டிய மருந்து

மாசி 14, வியாழன்.

மருமகள் ஊரெல்லாம் சொல்வதுபோல் நான் எதையும் திருடவில்லை. மகன் செல்வராசு நேற்று வாங்கி வந்த பூச்சிமருந்தை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டும் ஒன்றல்ல.

காலையில் வந்து கேட்டான். "அம்மா, மருந்தக் குடுங்க. குச்சிக்கிழங்குல மாவுப்பூச்சி உழுந்துருச்சு."

"எந்தக் காட்டுலடா? போன வாரமே அத்தனையும் புடுங்கி லாரியில ஏத்திட்டயே?"

தரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "உங்கள போலீஸ் வேலைக்குத்தான் அனுப்பியிருக்கோணும்."

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. மரவள்ளிக் கிழங்கு விற்ற காசு லாரி வாடகைக்கே சரியாகிவிட்டது. அன்றிலிருந்து அவன் தூங்குவதில்லை. தட்டில் போடும் சோற்றை நாய்க்கு வைக்கிறான். காலிக் காட்டுக்கு மருந்து எதற்கு? மருமகளிடம் கேட்டால், "அத்தைக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகமுங்க" என்கிறாள். சந்தேகம்தான். தவறாகவே இருக்கட்டும்.

நேரில் கேட்டால் மறுபடியும் சிரிப்பான். ஆகவே ஒரு தாளில் எழுதி அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்:

"செல்வராசு, மருந்தை யாருக்காக வாங்கினாய்? உண்மை எதுவானாலும் கோபிக்க மாட்டேன். டாக்டரிடம் உன்னோடு நானும் வருகிறேன். பதிலை இதன் கீழேயே எழுதிக் கொடு."