வடித்தாயிற்று என்று நீ எழுதிய டேப்

மே 20, புதன்

அன்புள்ள டிரெண்ட்,

நீ நலமா? கேட்க வேண்டும் என்பதால் கேட்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், கை வரவில்லை. போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ மன்னிப்புக் கேட்பாய், நான் அழுவேன், அதோடு முடிந்துவிடும். முடிய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பனி போய்விட்டது. கராஜ் கூரையில் வடக்கு மூலை இறங்கியிருக்கிறது, சானா என்னும் நீராவிக் குளியல் அறையின் புகைக்குழாயில் ஏதோ பறவை குடியேறிவிட்டது, என் தோள் பரவாயில்லை, காபிக் கெட்டிலைத் தூக்க முடிகிறது. செய்தி இவ்வளவுதான். இனி உன் விஷயம். அக்டோபரில் என் தோள் ஆபரேஷனுக்காக ஒரு வாரம் வந்தாய். என் மோட்டார் சைக்கிளைக் குளிர்காலத்துக்கு மூடிவைக்கிறேன் என்று நீயாகத்தான் சொன்னாய். நான் கேட்கவில்லை. டாங்கை நிரப்பினாய், பெட்ரோல் கெடாமலிருக்கும் மருந்தை ஊற்றினாய், பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தாய், போர்வை போட்டாய். பிறகு ஹாண்டில்பாரில் டேப் ஒட்டினாய். தேதி, செய்த வேலை, உன் பெயர். கடைசி வரி: கார்புரேட்டர் இரண்டும் வடித்தாயிற்று. அதாவது, கெட்டுப்போக உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை.

அந்த வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன எடை என்று உனக்குத் தெரியும். மான் வேட்டை முடிந்து காட்டு வீட்டைப் பூட்டும்போது, குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு, கடைசியாகக் கிளம்புகிறவன் தண்ணீர்க் குழாயின் மேல் டேப் ஒட்டி அதைத்தான் எழுதுகிறான். அடுத்து வருகிறவன் குழாயைத் தட்டிப் பார்ப்பதில்லை. சந்தேகப்பட்டுப் பார்த்தால் எழுதியவனை அவமதித்ததாக அர்த்தம். நீ பத்து வயதில் முதல் டேப்பை எழுதினாய், எழுத்துப் பிழையோடு. அன்றும் யாரும் குழாயைத் தட்டிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் வண்டியை வெளியே எடுத்தேன். சோக் இழுத்தால்தான் உயிர் வந்தது. சோக்கை உள்ளே தள்ளினால் இரண்டு இருமல், அவ்வளவுதான். ஓட்டிக்கொண்டு போனால் நன்றாகவே போனது, நின்றால் செத்தது. பக்கத்து வீட்டு கார்டி வந்தார், கையில் காபியோடும் வாயில் கேலியோடும். "என்ன லோர்னா, உன் வண்டிக்கும் தோள்ல ஆபரேஷனா?" என்றார். பேட்டரியைப் பார்த்தோம். ஸ்பார்க் பிளக் இரண்டையும் மாற்றினோம். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டியிருந்தது, அதுதான் காரணம் என்று மூன்று நாள் சந்தோஷமாக இருந்தோம். இல்லை. எஞ்சினோடு சேரும் ரப்பர்க் குழாய்கள் வெடித்துக் காற்று இழுக்கிறதா என்று பார்த்தோம். டாங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினோம். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். கார்டி ஹாண்டில்பாரைக் காட்டினார். "வடிச்சாச்சுன்னு பையன் எழுதியிருக்கானே. அப்புறம் அதை எதுக்குக் கழட்டணும்? உன் பிள்ளை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேட்டதற்கு வெட்கம்.

அதனால், நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டுகிற ஐடில் ஸ்குரூவை ஏற்றினேன். நான்தான். கார்டி இல்லை. முக்கால் சுற்று. வண்டி நின்றால் சாகாமல் கத்திக்கொண்டு நின்றது, சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். சரியாகவில்லை என்று காதுக்குத் தெரியும். இருபது வருடமாக அதே சத்தத்தைக் கேட்கும் காது. அதை நான் கேட்கவில்லை, ஏனென்றால் மே மாதம், வெயில், ஆறு மாதமாக வீட்டுக்குள் இருந்தவள்.

அந்த வாரம் உன் தங்கை கைசாவின் வண்டிக்கு டயர் வரவில்லை, என் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நெடுஞ்சாலையில் இடப்பக்கம் திரும்ப நின்றிருக்கிறாள். எதிரே மரம் ஏற்றிய லாரி, தூரத்தில். நேரம் இருந்தது என்கிறாள், லாரிக்காரரும் இருந்தது என்றுதான் சொன்னார். பாதித் திருப்பத்தில் வண்டி செத்தது. அவள் வண்டியைச் சரித்துவிட்டுத் தானும் உருண்டாள். லாரி நின்றது. எவ்வளவு தள்ளி நின்றது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே தகடு, ஆறு ஸ்குரூ.

இது உனக்குத் தெரியும். மறுநாள் நீ போன் செய்தாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "என்னடி, இன்ஸ்ட்ரக்டர் அம்மா, கிளட்ச்சைக் கோட்டை விட்டுட்டியா?" என்றாய். அவளும் சிரித்தாள். "ஆமாடா, கை நழுவிடுச்சு" என்றாள். போனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஆகஸ்டில் புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்களே, அந்த வேலையை வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. "லாரி எதிர்ல வரும்போது வண்டியை ஆஃப் பண்ணவ இன்னொருத்திக்கு என்னத்தம்மா கத்துக்குடுப்பா?" என்று கேட்டாள். மூன்று வருடம் அந்த வேலைக்காக அலைந்தவள். என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

ஏனென்றால் அவள் அப்படிக் கேட்பதற்கு முந்தின ஞாயிறு, அவள் மாத்திரை போட்டுத் தூங்கும்போது, கராஜில் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன். தோள் வலியில் உயிர் போயிற்று. கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்குரூவின் மேல் ஒவ்வொரு வசந்தத்திலும் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பேன், தளர்ந்தால் தெரியட்டும் என்று. சொட்டு அப்படியே இருந்தது. இரண்டிலும். கீறல் இல்லை. நீ அந்த ஸ்குரூவைத் தொடவே இல்லை டிரெண்ட். கிண்ணங்களைக் கழற்றினேன். உள்ளே பச்சைப் பசை, கெட்டுப்போன வார்னிஷ் வாடை. மருந்து டாங்கோடு நின்றுவிட்டது, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டிருந்தால்கூடக் கீழே இறங்கியிருக்கும், அதையும் நீ செய்யவில்லை. ஐடிலுக்குப் பெட்ரோல் விடும், ஊசித் துளையுள்ள சின்ன ஜெட்டைக் கழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். துளை வழியே வெளிச்சம் வரவில்லை.

தரை குளிராக இருந்திருக்கும். ஸ்குரூ இறுகியிருந்திருக்கும். விமானத்துக்கு நேரமாகியிருக்கும். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. செய்யாமல் போனதற்குக் கோபமில்லை. செய்யவில்லை என்று எழுத உனக்கு என்ன கேடு? ஒரே வார்த்தைதான், வடிக்கவில்லை. நான் வசந்தத்தில் பத்து நிமிடத்தில் முடித்திருப்பேன். எதையும் வெறுமனே விட்டுப் போகத் தெரியாது உனக்கு, முடித்த மாதிரி காட்டிவிட்டுத்தான் போவாய். அதை எங்கே கற்றாய் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நானும் ஸ்குரூவை ஏற்றித்தானே முடித்த மாதிரி காட்டினேன்.

என் பங்குத் தப்பை நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஐடிலை ஏற்றி நோயை மறைத்தது நான் என்று. "அது மட்டும் இருந்தா வண்டி சாகாதும்மா. நோய்னு சொல்றியே, எந்த நோயை மறைச்ச? உள்ள திறந்து பாத்தியா?" என்றாள். பார்க்கவில்லை என்றேன். உனக்காக ஒரு பொய். இதுதான் முதலும் கடைசியும். உண்மையில் அதைவிடக் கேவலமாகவும் ஒன்று செய்யப் பார்த்தேன். சுத்தம் செய்யும் ஸ்பிரே டப்பா கையில் இருந்தது, ஒரு நிமிடம் அடித்தால் பசை போயிருக்கும், உன் பெயரும் போயிருக்கும். அடிக்கவில்லை. ஜெட்டை அழுக்கோடு அதே இடத்தில் பொருத்திக் கிண்ணங்களை மூடிவிட்டேன்.

நீயே சொல்லிவிடலாமே அம்மா என்பாய். நான் சொன்னால் அது கோள். அவளுக்கு இனி ஓட்ட வருமா வராதா என்பதை அவள் கோள் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். நீ அவளைப் பார்த்துச் சிரித்தாய். சிரித்த வாயால் சொல்.

வருகிற சனிக்கிழமை இல்லை, அதற்கடுத்தது, முப்பதாம் தேதி. அதற்குள் கைசாவின் கைக்கட்டை மாற்றிச் சின்னக் கட்டு போட்டுவிடுவார்கள். அன்று இடக்கையால் தானே கார்புரேட்டரைத் திறக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள், கார்டி விளக்குப் பிடிக்க வருகிறார். அதற்கடுத்த திங்களன்று, ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் வேலை வேண்டாம் என்ற கடிதம் தபாலில் போய்விடும். அவள் கண்டுபிடிப்பாள், அதில் சந்தேகமே வேண்டாம். கண்டுபிடித்த பிறகு நீ சொல்வதில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது.

அங்கே வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் குடி. பகலில் வண்டி ஓட்டாதே. உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நான் வேண்டாத நாள் இல்லை, இன்றும் வேண்டிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நீ நன்றாக இருக்க வேண்டும். சாக்குச் சொல்லாதவனாகவும் இருக்க வேண்டும்.

அவள் காலை பத்து மணிக்குத் தொடங்குவாள். உன் ஊரில் அப்போது ஏழு. அலாரம் வைத்து அதற்கு முன்பே எழுந்திரு. என்னைக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். அவளைக் கூப்பிடு.

கோபம் தீராத உன் அம்மா,
லோர்னா