மெட்டி போட்ட கால்கள்

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகன் அகிலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். காளியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பெர்த்தில் நீயும் மருமகள் சுஷ்மிதாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய், போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொல்லி முடித்துவிடுவார். அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் கீழே காப்பிக் கடையில் தே தாரிக் குடிப்பதை மட்டும் விடவில்லை, கேட்டால் சீனி குறைச்சுத்தான் போடச் சொன்னேன் என்கிறார், அந்தக் கடைக்காரருக்கு இவர் முகத்தைப் பார்த்தாலே கரண்டி நிறையத்தான் அள்ள வரும். பக்கத்து வீட்டு ஃபர்சானா மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, பிரியாணிக்கு இப்போதே சொல்லிவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. போன வாரம் வீடியோவில் பேசும்போது நீயும் உன் நண்பன் சரத்தும் சேர்ந்து அங்கே ஒரு பெரிய மசாஜ் கிளினிக் கம்பெனியின் கிளை ஒன்றை எடுத்து நடத்தப் போவதாகச் சொன்னாய், கடையின் படங்களைக் காட்டினாய், சுவர் நிறம்கூட நன்றாக இருந்தது. திறப்பு விழாவுக்கு அம்மா வர வேண்டும், மூன்று மாதம் தங்கி வேலைக்கு வருகிற தெரபிஸ்டுகளுக்கு நம் கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், டிக்கெட் நானே போடுகிறேன் என்றாய். அப்பா அன்றைக்கே காப்பிக் கடை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியில் நீ ஒன்று சொன்னாய். "அவங்கல்லாம் கான்ட்ராக்டர்ஸ்தாம்மா, லீவு, உடம்பு சரியில்லன்னு எம்.சி., அந்தத் தலைவலியெல்லாம் நமக்குக் கிடையாது" என்றாய். அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதே வாரத்தில்தான் நான் வேலை பார்க்கும் மசாஜ் கிளினிக்கில் ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

ஜூரோங் பேக்டரியை மூடிய பிறகு நான் கோர்ஸ் படித்து இந்த வேலைக்கு வந்தது உனக்குத் தெரியும், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாலில் மூன்றாம் மாடி என்று கடையும் தெரியும், உள்ளே எப்படி என்று நான் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. கடையின் பேர், எண்ணெய், பாட்டு, சட்டை எல்லாம் ஹெட் ஆபிஸ் கொடுப்பது, கிளையை எடுத்து நடத்துவது வெங்கடேஷ் என்கிற பையன், உன் வயதுதான். எங்களுக்குப் பேர்கூட ஹெட் ஆபிஸ்தான் வைத்தது. என் சட்டையில் டினா என்று குத்தியிருக்கும், தங்கம் என்ற பேர் வாடிக்கையாளர் வாயில் நுழையாதாம், ஐந்து எழுத்துக்கூட இல்லாத பேர் எந்த வாயில் நுழையாது என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். புக்கிங் எல்லாம் கம்ப்யூட்டர் போடுகிறது, ஒருவர் எழுந்து போகும்போதே அடுத்தவர் வாசலில் நிற்பார், நடுவில் துணி மாற்றுவது, கட்டிலைத் துடைப்பது, கை கழுவுவது, அவசரத்துக்கு ஒதுங்குவது இதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் இடமே கிடையாது. அதனால் எங்களில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம், எனக்கு இரண்டு தரம் நீர்க்கடுப்பு வந்து படுத்ததும் அதனால்தான், உன்னிடம் காய்ச்சல் என்றேன். ஆள் வராத நாளில் பின்னாலிருக்கிற சின்ன அறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், வெளியே போகக் கூடாது, ஆனால் கை உடம்பில் பட்டால்தான் காசு. இதில் பெரிய கூத்து என்னவென்றால் ஊரார் வலியெல்லாம் போக்குகிற கடையில் எங்கள் வலிக்குத் தைலம் தடவக் கூடாது, லாவண்டர் வாசனை கெட்டுவிடுமாம்.

என்னோடு சுசீலா என்று ஒரு பெண், அவளுக்கு சூசி என்று பேர் குத்தியிருந்தார்கள். மலேசியாவில் ஜோகூர் பக்கத்து மாசாய்க்காரி, விடியுமுன் எழுந்து எல்லைப் பாலத்தில் முட்டி மோதித் தினம் வந்து போகிறவள், கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் தம்பியும் அவள் சம்பாத்தியத்தில்தான். நல்ல கை அவளுக்கு. ஆறு மாதமாக வலது மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரலை மடக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். டாக்டரிடம் போய் எம்.சி. எடு என்றால் எடுக்க மாட்டாள். எடுத்தால் அடுத்த வாரத்துப் புக்கிங் தன் பக்கம் வராது, புக்கிங் குறைந்தால் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயம், அந்தப் பயம் பொய்யும் இல்லை, அப்படிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் குளியலறையில் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வழி செய்தோம். வாடிக்கையாளர் குப்புறப் படுத்து முகத்தைக் கட்டிலின் ஓட்டைக்குள் வைத்துக்கொள்வார் அல்லவா, முதுகில் யார் கை என்று அவருக்கு என்ன தெரியும். எண்ணெய் தேய்த்து மெல்லத் தடவுவதை அவள் செய்வாள், அழுத்திப் பிடிக்கிற இடம் வந்ததும் சுவரில் விரலால் தட்டுவாள், ஆள் இல்லாமல் பின்னறையில் இருக்கும் நான் பூனை மாதிரி உள்ளே போய் அவள் கை எடுக்கும் இடத்தில் என் கையை வைப்பேன், முடிந்ததும் அதேபோல் வெளியே வருவேன். காசு அவள் கணக்குக்குத்தான் போகும். இரண்டு மாதம் ஒருத்தருக்கும் தெரியவில்லை, அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

நான் வளையலைக் கழற்றினேன், மோதிரத்தைக் கழற்றினேன், மூச்சுவிடும் சத்தத்தைக்கூட அடக்கினேன், காலில் கிடக்கிற மெட்டி நினைவுக்கே வரவில்லை தம்பி. கழுத்தில் தாலி மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கிறது, யார் நினைப்பார்கள். கம்பெனி கொடுத்த செருப்பில் விரலெல்லாம் வெளியே தெரியும். குப்புறப் படுத்தவருக்கு முதுகில் இருக்கிற கை தெரியாது, ஆனால் அந்த ஓட்டை வழியாகத் தரையில் நிற்கும் கால் தெரியும். சிவானி என்று ஒரு நம்மூர்ப் பெண், ஆபிஸில் உட்கார்ந்தே கழுத்து பிடித்துப்போய் வருகிறவள், அவள் பார்த்திருக்கிறாள். மெட்டி இல்லாத கால் போய் மெட்டி போட்ட கால் வந்திருக்கிறது. நம்மூர்ப் பெண்ணாக இல்லாவிட்டால் அது கண்ணில் பட்டிருக்காது. அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை, இது ஏதோ ஸ்பெஷல் கவனிப்பு என்று நினைத்து, பாதியில் வந்த மெட்டி போட்ட ஆன்ட்டிக்குக் கையில் மந்திரம் இருக்கிறது என்று மனதாரப் புகழ்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டு இணையத்தில் எழுதிவிட்டாள். ஹெட் ஆபிஸ் அதைப் படித்துவிட்டது.

மறுநாள் வெங்கடேஷ் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். அவன் மரியாதை தெரிந்த பையன், அதையும் சொல்ல வேண்டும், தீபாவளிக்கு எல்லோருக்கும் பலகாரம் கொண்டுவருவான், ஆள் குறைந்தால் அவனே தரை துடைப்பான். தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "பாதியில ஆள் மாறினதுக்கு ஹெட் ஆபிஸ்ல ஒரு பேர் கேக்கிறாங்க ஆன்ட்டி. சூசி பேரக் குடுத்துடுறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா இருந்தாப் போதும்" என்றான். சுசீலா வேலை நேரத்தில் சோம்பி அறையை விட்டு வெளியே போனாள் என்று எழுதப் போகிறானாம், எனக்கு ஒன்றும் வராதாம், டினா ஆன்ட்டியைத்தான் வாடிக்கையாளர்கள் கேட்டு வருகிறார்கள், சீனியர் ஆக்கிவிடலாம் என்றானாம் மேலே இருப்பவன். அவள் கை வீங்கியிருப்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றான். வேலையில் பட்ட காயம் என்று பதிந்தால் கிளைக்குக் கெட்ட பேர், ஒப்பந்தம் முடிந்ததும் கிளையைத் திரும்ப எடுக்க விடமாட்டார்கள், வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறேன் ஆன்ட்டி என்றான்.

சும்மா இருந்தால் போதும் என்ற அந்த வார்த்தைதான் என்னை உலுக்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். "மெட்டி என் கால்ல இருக்கு. என் பேர எழுது. இன்னொரு பேரு வேணும்னா உன் பேர எழுது" என்று சொல்லிவிட்டு எழுந்து, வேலையில் இருந்த சுசீலாவை அப்படியே கூட்டிக்கொண்டு கீழே இருக்கிற டாக்டரிடம் போனேன். போகிற வழியெல்லாம் அவள் அழுதாள், வேணாம்க்கா, வேலை போயிடும்க்கா என்று படியில் நின்றுவிட்டாள், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், அது சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. டாக்டர் கையைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் ஆபரேஷன்தான் என்றார், கட்டுப் போட்டார், வேலையால் வந்தது என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்து அரசாங்கத்தின் மனிதவள அமைச்சில் வேலைக் காயம் என்று பதிந்திருக்கிறோம், என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை. அவளுக்குப் பெர்மிட் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை, ஆனால் கம்ப்யூட்டரில் என் பேருக்கு எதிரே ஒரு புக்கிங்கும் வருவதில்லை. போகிறேன், பின்னறையில் உட்காருகிறேன், திரும்பி வருகிறேன், இப்போதாவது வயிறாரத் தண்ணீர் குடிக்க முடிகிறது.

வெங்கடேஷைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தபோது அவன் முகத்தில் எனக்கு உன் முகம் தெரிந்தது தம்பி, அம்மா இப்படிச் சொல்வதைப் பொறுத்துக்கொள். அவனும் கெட்டவனாக வேண்டும் என்று கடை எடுக்கவில்லை. ஒரு மணிக்கு என்ன விலை, எந்த மாதம் என்ன தள்ளுபடி, ஒரு நாளில் எத்தனை பேர் எல்லாம் மேலே இருப்பவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள், அவன் இறுக்கிப் பிழிய மிச்சம் இருப்பது எங்கள் கை மட்டும்தான். நீயும் சரத்தும் கையெழுத்துப் போடும் முன்னால் அங்கே இருக்கிற ஹெட் ஆபிஸைக் கேள், இரண்டு ஆளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட உனக்கு அதிகாரம் உண்டா, ஆள் வராத நேரத்துக்கும் கூலி கொடுக்க விடுவார்களா, ஒருத்திக்குக் கை வீங்கினால் அவளை உட்கார வைத்துச் சோறு போட உன் கணக்கு இடம் கொடுக்குமா என்று. கான்ட்ராக்டர் என்று நீ சொன்னால் வலிக்காமல் இருக்குமா என்ன. இல்லை என்று பதில் வந்தால் அது உன் கடை இல்லை, பேர்ப்பலகை மட்டும் உன் தலையில். உனக்கு நன்றாக வர வேண்டும் என்பதில் என்னைவிட ஆசை யாருக்கு இருக்கும், ஆனாலும் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கையை முறித்து வரும் நன்மை நமக்குத் தங்காது. நான் வர மாட்டேன் என்றும் இப்போது சொல்லவில்லை, யோசிக்கிறேன், நீயும் யோசி. சுஷ்மிதாவிடமும் இதைக் காட்டு, அவள் நிதானமான பெண். குளிரில் மேல்சட்டை இல்லாமல் வெளியே போகாதே, வெளியே வாங்கிச் சாப்பிடுவதைக் குறை. அப்பாவும் நானும் நீங்கள் இருவரும் நீடூழி நன்றாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம், அம்மன் எப்போதும் துணை இருப்பாள்.

முடிக்கும் முன் ஒரு ஞாபகம். நேற்று சுசீலா கட்டுப் போட்ட கையோடு மாசாயிலிருந்து நம் வீட்டுக்கு வந்திருந்தாள், அப்பா வழக்கம்போல் உன் கடைக் கதையை அவளிடமும் ஆரம்பித்துவிட்டார். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "கை நல்லாயிட்டா உங்க மகன் கடையில எனக்கு ஒரு வேலை கேட்டுப் பாக்குறீங்களாக்கா? உங்க மகன்னா பயமில்லாம வருவேன்லா" என்றாள். அவளை ஒன்பது மாதமாகத் தெரியும், உன்னைப் பெற்று வளர்த்திருக்கிறேன், ஆனாலும் பயப்படாமல் போடி என்று சொல்ல என் வாய் வரவில்லை அகிலா. காப்பி ஆறுது குடி என்றேன். புதன்கிழமை மறுபடியும் வருவாள், என்ன சொல்லட்டும் என்று எழுது, டிக்கெட்டைப் பிறகு போடலாம்.

உன் அம்மா,
தங்கம்