இடப்பக்கத்துக் கீழ்ப் போல்ட்

பிஷான், சோங்சிங்
புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளை

மரியாதைக்குரிய சியாங் மோலி அவர்களுக்கு,

உங்கள் தாய் ரான் குய்ஃபாங் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அப்பாவும் நலம். அங்கே குன்மிங்கில் நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். விசாரிக்கலாம் என்றால் போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள். அதனால் காகிதம். கடைசியாக நான் கையால் கடிதம் எழுதியது, உன்னை மாவ்மாவ் என்று கூப்பிட்ட காலத்தில், உனக்குக் காய்ச்சல் என்று உன் வகுப்பு டீச்சருக்கு.

இதைப் பாதியில் கிழிப்பதாக இருந்தால் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கிழி. சனிக்கிழமை வண்டியை எடுக்காதே. முன் சக்கரத்தில், கியர் போடுகிற பக்கம், பிரேக் கேலிப்பரின் கீழ்ப் போல்ட் கழன்றுகொண்டிருக்கிறது. இனி நான் திட்டுவேன். படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நாள் ஆக ஆக ஆறும் என்று உன் அப்பா சொன்னார், ஆறவில்லை. புத்தாண்டுக்கு முன்னால் தெங் அத்தை எங்கள் கம்பெனி கேன்டீனில் போனை நீட்டி, "குய்ஃபாங், உன் பொண்ணு எவ்வளவு ஜோரா இருக்கா பாரு" என்றாள். பார்த்தேன். எங்கள் கம்பெனி வண்டி. 450 சிசி, சிவப்பு. டேங்கில் எங்கள் சின்னம் இருந்த இடத்தில் ஏதோ ஓர் இத்தாலிக்காரனின் சின்னம். தலைமுடி காயவைக்கிற மிஷினால் சூடு காட்டி எங்களுடையதை உரித்தாயாம், அதையும் வேறொரு வீடியோவில் போட்டிருக்கிறாய். கீழே எவனோ இது நாட்டு வண்டியா என்று கேட்டதற்கு, "நாட்டு வண்டியெல்லாம் நான் ஓட்டுவேனா, போங்கப்பா" என்று பதில் சொல்லியிருந்தாய். என் மேஜையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் அந்த வண்டிக்குக் கை வைத்தவர்கள். எல்லோரும் திடீரென்று நூடுல்ஸைக் கவனமாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அதனால்தான் எழுதினேன். 'மகளே, இது பிஷானில் செய்த வண்டி. இதன் முன் சக்கரத்துக்கு உன் அம்மாதான் போல்ட் முடுக்கினாள். அந்தச் சின்னத்தை எந்தக் கடையில் வாங்கினாய்?' என்று, என் சொந்தப் பெயரிலேயே. உன் வீடியோவைவிட என் வரிக்கு லைக் அதிகம் விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ போன் பண்ணி, "என் மூஞ்சில கரியப் பூசிட்டல்ல? அத்தனை பேர் சிரிக்கிறாங்க. இனிமே நீ யாரோ நான் யாரோ" என்றாய். நான் என்ன சொன்னேன் என்றும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்று உன் அப்பா தீர்ப்பு சொன்னார். அவருக்கு அதற்குமேல் மாஜோங் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

நாட்டு வண்டி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் எஞ்சின் ஒழுகும். உன் அப்பா ஆள் ஏற்றிப் பிழைத்த வண்டிக்கு அடியில் தினமும் ஓர் அட்டையை விரித்துத்தான் நிறுத்துவோம், எண்ணெய் சொட்டும். அதை நான் மறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அட்டை தேவையில்லாமல் போனது சும்மா நடக்கவில்லை. இத்தாலிக்காரன் வந்து முடுக்கிக் கொடுக்கவும் இல்லை. என் வலது மணிக்கட்டு மழைக்காலத்தில் ஏன் வலிக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாய். இப்போது கேட்பதில்லை.

சரி, அது கிடக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரை மாற்றியிருக்கிறாய். கம்பெனி போட்ட கறுப்பு பிடிக்கவில்லை, தங்க நிறம் வேண்டும், அதிலும் அந்நிய எழுத்து வேண்டும். மெக்கானிக் கடையில் ஒரு தாடிக்காரன் மாட்டுகிறான், நீ படம் பிடிக்கிறாய். அளவு பார்க்கிற ரெஞ்ச் எங்கே என்று நீயே கேட்கிறாய், அந்தப் புத்தியாவது இருந்தது. அவன், "ரெஞ்செல்லாம் எதுக்கு மேடம், என் கைக்கே தெரியும்" என்கிறான். நீ சிரிக்கிறாய். மோலி, ஒரு நாளைக்கு நூற்றி எண்பது முன் சக்கரம் பொருத்துகிறவள் நான். இருபத்திரண்டு வருஷம். என் கைக்கே தெரியாது. இறுக்கம் போதும் என்று ரெஞ்ச் 'டக்' என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்துப் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுப்போம். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. கோடு முறிந்திருந்தால் அசைந்துவிட்டது. எங்கள் லைனில் இது எல்லோருக்கும் தெரியும், வாசலைக் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும்.

கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிறாய். உன் வண்டியில் உனக்கு ஏதாவது தெரிந்ததா? கோடு எப்போதும் நேர்கோடுதான். உன் வண்டியில் மட்டும் இடப்பக்கத்து இரண்டு போல்ட்டிலும் தலைமேல் கோட்டின் முனை கொக்கி மாதிரி கொஞ்சம் வளைந்திருக்கும். தொழிலாளர் சலுகை விலையில் நான் உனக்காகப் பதிவு செய்த வண்டி எந்த நாள் லைனில் இறங்கும் என்று நான்கு நாள் லைன் லீடரின் பின்னால் அலைந்து தெரிந்துகொண்டேன். அன்றைக்கு மூன்றாவது வண்டி. என் இடத்துக்கு வந்தபோது இரண்டு தடவை ரெஞ்சை வைத்துப் பார்த்தேன். வளைந்த கோட்டைப் பார்த்துவிட்டுப் பரிசோதகர், "என்ன ரான் அக்கா, படமா வரையறீங்க?" என்றார். கை நழுவிவிட்டது என்றேன். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்ததில்லை. இப்போதும் கோபத்தில்தான் சொல்கிறேன்.

தாடிக்காரன் கேலிப்பரை மாற்றினான், போல்ட்டுகள் பழையவைதான். தலையில் என் கொக்கி இருக்கிறது, இரும்பில் இருந்த மிச்சக் கோடு பழைய கேலிப்பரோடு போய்விட்டது. அவன் மாட்டி முடித்த வீடியோவில் கீழ்ப் போல்ட்டின் கொக்கி நேர் மேலே பார்க்கிறது, கடிகாரத்தில் பன்னிரண்டு. போன ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவுகிற வீடியோவில் அதே கொக்கி பத்தில் நிற்கிறது. மேல் போல்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கீழது மட்டும் திரும்பியிருக்கிறது, அதுவும் கழலுகிற திசையில். தெங் அத்தை வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினாள். அதுவரை உன் முடி நிறத்தைப் பற்றிக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள், சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ குய்ஃபாங்" என்று மட்டும் சொன்னாள்.

சேர்ந்து வண்டி ஓட்டுகிற உங்கள் கூட்டத்தில் டயர் ஓரத்தைத்தான் குனிந்து பார்ப்பீர்கள். ஓரத்தில் விரலகலம் தேயாமல் இருந்தால் வளைவில் சாய்க்கப் பயந்தவள் என்று கேலி. உன் டயர் ஓரம் முழுக்கத் தேய்ந்துவிட்டது என்று தனியாக ஒரு வீடியோ வேறு. முப்பது பேர் குனிந்து பார்த்திருக்கிறீர்கள். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிற போல்ட் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அழகுக்குத் தங்க நிறம் மாட்டினாயே, மலை இறக்கத்தில் அந்தப் போல்ட் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? கேலிப்பர் ஒற்றைப் போல்ட்டில் தொங்கும். நீ பிரேக்கைப் பிடித்த நிமிஷம் அது திரும்பிச் சக்கரத்தில் சிக்கும். அதற்குமேல் எழுத என் கை வரவில்லை. நீயே யோசித்துக்கொள்.

உனக்குச் சொல்லாமல் இருக்கவில்லை. தெங் அத்தை பெயரில் உன் வீடியோவுக்குக் கீழே எழுதவைத்தேன். 'இடப்பக்க பிரேக் போல்ட்டைப் பார்' என்று அவ்வளவுதான் எழுதினாள். "அம்மா, தெங் அத்தை முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டுப் பேசாத" என்று பதில் போட்டு அவளையும் பிளாக் பண்ணினாய். அப்பா கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை, அதனால் உன் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "மோலி இல்லன்னு மோலி சொல்லச் சொன்னா ஆன்ட்டி" என்றாள். வெள்ளந்தியான பெண், அவளைத் திட்டாதே. போல்ட் விஷயத்தை அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றாள், பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நீயா என்று தெரியவில்லை.

உன் அப்பா நேற்று ராத்திரி மாஜோங் போகவில்லை. இதைச் சொன்னால் உனக்கே புரியும். "உனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவளுக்கு உன் வாய்" என்று என்னைத் திட்டிவிட்டு, பழைய சாமான் பெட்டியைக் கொட்டி ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பார்சலில் உனக்குப் பிடித்த புகைபோட்ட பன்றி இறைச்சியை வைத்தது அவர்தான். நான் வைக்கவில்லை. நான் வைத்தது மஞ்சள் பெயின்ட் பேனா மட்டும். அது லைன் பேனா இல்லை, என் காசில் வாங்கியது.

செய்ய வேண்டியது இதுதான். அந்தத் தாடிக்காரனிடம் போகாதே. அளவு ரெஞ்ச் வைத்திருக்கிற வேறு கடைக்குப் போ. ஓட்டிக்கொண்டு போகாதே, தள்ளிக்கொண்டு போ, இல்லாவிட்டால் ஒரு வேனில் ஏற்று. இரண்டு பக்கத்து நான்கு போல்ட்டையும் கழற்றிப் புதிதாக முடுக்கச் சொல். 'டக்' என்ற சத்தத்தை உன் காதால் கேள். பிறகு உன் கையாலேயே கோடு இழு. அந்தத் தங்க நிறத்தின் மேலேயே இழு, அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்சல் உன் கடைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரன் சத்தியம் செய்கிறான். இழுத்த பிறகு அந்தக் கோட்டை உன் வீடியோவில் நான்கு விநாடி காட்டு. உன் முகம் வேண்டாம், பேச்சும் வேண்டாம். லைனில் யார் போனிலாவது நான் பார்த்துக்கொள்வேன். சின்னம் இத்தாலிக்காரனுடையதாகவே இருக்கட்டும். அதைப் பற்றி இனி நான் எங்கேயும் வாய் திறக்க மாட்டேன். அம்மா ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லியிருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும்.

வெள்ளி சாயங்காலத்துக்குள் கோடு தெரியவில்லை என்றால் நான் வருகிறேன். சீக்கிரம் கிளம்ப லைன் லீடர் லீவு தர மாட்டேன் என்றுவிட்டார், அதனால் ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும்தான் கிளம்ப முடியும். டிக்கெட் எடுத்துவிட்டேன். சட்டை மாற்ற நேரம் இருக்காது, முதுகில் கம்பெனிப் பெயரோடுதான் வருவேன். உன் அப்பாவின் ஸ்பேனரை ரயிலில் விடுவார்களோ என்னவோ, விடாவிட்டால் அங்கே ஒன்று வாங்கிக்கொள்வேன். மலைக்குக் கிளம்ப நீங்கள் சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கூடுகிற அந்தப் பெட்ரோல் பங்கை வீடியோவில் பார்த்து வைத்திருக்கிறேன். உன் முப்பது பேருக்கும் முன்னால் மண்டி போட்டு அந்தப் போல்ட்டை முடுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

யார் இந்தப் பொம்பளை என்று கேட்பார்கள். மெக்கானிக் கடையிலிருந்து வந்த ஆள் என்று சொல்லிவிடு மாவ்மாவ். நான் ஆமாம் என்பேன். முடுக்கிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறேன், உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நான் வருவதற்குள் மட்டும் கிளம்பிவிடாதே.

அம்மா