உங்களிடம் மட்டும் சொன்னது

தரணியின் அப்பாவுக்கு,

சேவூரில் அம்மா வீட்டில்தான் இருக்கிறோம். தரணி நன்றாக இருக்கிறாள்.

வகுப்பில் தூங்குகிற பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுப்பாதே, தனியாகக் கூப்பிட்டுக் கேள் என்று, நான் கல்லூரியில் உங்கள் துறையில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் சொன்னவர் நீங்கள். அப்படிக் கேட்டதால்தான் என் வகுப்பில் தினமும் தூங்கிய விஜயராணி வாய் திறந்தாள். அப்பா படுத்த படுக்கையானதிலிருந்து பனியன் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போகிறாளாம். "யார்ட்டயும் சொல்லிராதீங்க மேடம்" என்றாள்.

துறைத் தலைவர் என்றா உங்களிடம் சொன்னேன்? சோறு போட்டுக்கொண்டே என் புருஷனிடம் சொன்னேன்.

அதை நீங்கள் நிர்வாகக் கூட்டத்தில் சொன்னீர்கள். "வேலைக்குப் போற புள்ளைக்கு ரெகுலர் காலேஜ் எதுக்குங்க?" என்றும் கேட்டீர்களாம். ஷிப்ட் முடிந்து வர முடியாமல் போன நாட்களைக் கணக்கிட்டு, வருகை போதாதென்று அவளைப் பரீட்சை எழுத விடவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். "உங்கள நம்பித்தான மேடம் சொன்னேன்?" என்றாள். உங்கள் பெயரைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த பருவத்தில் எழுதலாம், ஞாயிறுதோறும் பாடம் சொல்லித்தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

எப்போது திரும்பி வருவாய் என்று போனில் கேட்டீர்கள். நானும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

தரணியின் அம்மா