டில்ட் ரிலேயில் இருந்த காகிதம்

அல்லிநகரம், தேனி.
பங்குனி 3

அன்புத் தோழி நதியாவுக்கு,

உன் நலம் அறிய விழைந்து ஜெபராணி எழுதுவது. இருபத்தொரு ஆண்டுகள் கழிந்தும் 'நீ' என்றே எழுதுகிறேன். அவ்வுரிமை எனக்கு எஞ்சியுள்ளதா என அறியேன். திருப்பூர் முகவரியை உன் சித்தி பஞ்சம்மாள் கொடுத்தாள்.

இங்கு இப்போதே வெயில் தாங்கவில்லை. எனக்குக் கண்ணாடியின் பவர் கூடிவிட்டது. கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை.

காசு போட்டுக் குண்டை அடித்து ஆடும் நமது பின்பால் மெசினைச் சென்ற வாரம் திறந்தேன். போடியில் பழம்பொருள் சேர்க்கும் வைகுண்டராஜ் விலைக்குக் கேட்டார்; ஓடாத பொருளை விற்க எனக்கு மனமில்லை. மலை எஸ்டேட் கிளப்பில் கழித்துப்போட்டதை, பழைய இரும்புக் கடைக்காரர் சங்கிலியிடம் நாம் இருவரும் பேரம்பேசி வாங்கிய நாள் நினைவுக்கு வந்தது. அதன் ஒயரிங் படத்தை அகராதியின் துணையோடு நானே படித்தேன். எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. நீயோ பல்பு மாட்டிக்கொண்டே, "ஏ ஜெபா, கரண்டும் உங்கிட்டச் செந்தமிழ்லதேன் பேசுதா?" என்பாய். வீரபாண்டித் திருவிழாவில் நாம் கடை போட்டபோது, எஃகுக் குண்டு மணியில் மோதும்போதெல்லாம் வரிசையே ஆர்ப்பரிக்குமே, அவ்வொலியை மனத்துக்குள் மீண்டும் கேட்டேன். மற்ற பழுதுகளை நீக்கி மெசினை ஓடவிட்டேன்.

பின்னர் பெட்டியை உலுக்கிச் சோதித்தேன். குண்டை வசமாகத் திருப்ப ஆடுபவர் அளவுக்கு மீறி உலுக்கினால் டில்ட் ரிலே இழுத்து ஆட்டத்தை அணைக்க வேண்டும். அணைக்கவில்லை. ரிலேயை விரலால் அழுத்தினேன். சொடுக்கென்று இழுத்தது, ஆட்டம் அணைந்தது. எனவே குறை ரிலேக்குக் கரண்டு வரும் வழியில்தான். டெஸ்ட் லாம்பை வைத்து ஒயரைத் தொடர்ந்து சென்றேன். ஒரு பாயிண்டின் இரு தகடுகளுக்கிடையே மடித்த காகிதம் கரண்டை மறித்துக்கொண்டிருந்தது. விரித்தேன். என் நோட்டுத் தாள், என் கையெழுத்து.

நதியா, அதைச் செருகியவள் நானே. நாம் பிரிந்த ஆண்டுத் திருவிழாவில், ஆற்று மணலில் கூட்டம் இடித்தாலே ஆட்டம் அணைந்தது. முதல் நாளை ஒப்பேற்றச் செருகினேன், எடுக்க மறந்தேன். மூன்றாம் நாள், உனக்கு நிச்சயித்திருந்த முத்துராஜா தம் தாயாரோடு வந்து, பெட்டியை உலுக்கி உலுக்கி ஒன்பது இலவச ஆட்டம் எடுத்தார். மெசினின் பின்கதவுக்கு இரண்டாம் சாவி உன்னிடம் இருந்தது. அவருக்காக நீதான் திறந்து மாற்றிவிட்டாய் என்று உன் சம்பந்தி வீட்டார் முன்னே கத்தினேன். "ஓ மெசினு தப்பே பண்ணாதுல்ல? அப்ப நாந்தேன் திருடி, வச்சுக்க" என்று சாவியை மேசைமேல் போட்டுச் சென்றாய்.

அன்றே மெசினைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். அப்போதே பின்கதவைத் திறந்து பார்த்திருந்தால் அரைமணியில் தெரிந்திருக்கும். என் வேலையில் பிழை இருக்குமென நினைக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை.

திருமணத்துக்கு நீ அழைக்காததை நெடுநாள் குறையாகச் சொல்லித் திரிந்தேன். "அவ மாமியா இன்னமும் 'கள்ளச்சாவிக்காரி'ன்னு குத்திக்காட்டுறாக, பேரன் பேத்தி முன்னாடியே" என்று பஞ்சம்மாள் சொன்ன பிறகுதான், நான் கத்தியது அன்றோடு முடியவில்லை என உணர்ந்தேன்.

மெசினை விற்பதா வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். அதில் உனக்கும் பாதி உண்டு. உன் பிள்ளைகள் குறைவின்றி வாழக் கர்த்தரை வேண்டுகிறேன்.

என்னை மன்னிப்பதை நீ பொறுமையாக எண்ணிப் பார். அதற்குமுன் ஒன்று செய். எல்லோரும் வீட்டிலிருக்கும் வேளையில் இக்கடிதத்தை உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டு. அவருக்குக் காது மந்தமென்று கேள்வி. உரக்க வாசி. கீழே உள்ள என் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
பழி சுமத்தியவள்,
ஜெ. ஜெபராணி